முதற் கையொப்பக்காரரின் கார்

இந்த விடயம் தொடங்குவதற்கு முன்னர் ஊரில் எனக்கு இருந்த நிலையை முதலில் எழுதிவிடுகிறேன். அதை அறியாதவருக்குப் பின்னால் நடந்தவற்றின் பாரம் விளங்காது. நான் இரசாயனவியலில் பட்டம் பெற்றவன். வேலணையில் பிறந்து, யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றில் விடுதியில் தங்கிப் படித்து, தீவுப்பகுதிப் பாடசாலைகளில் கற்பித்து, உப அதிபராக ஓய்வு பெற்றேன். சமாதான நீதவானாகவும் இருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் பிறப்புச் சான்றிதழின் பிரதியொன்றை உறுதிப்படுத்த வேண்டியவர் என் வீட்டு வாசற் படலையைத்தான் திறப்பார். மதுவை நான் நாவில் வைத்ததில்லை. கல்யாண வீடுகளில் ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்வளவுப் பக்கம் போய்வரும் நேரத்தில், பந்தலில் கடைசிவரை அசையாமல் இருக்கும் கதிரை என்னுடையது.

ஆகவே, பாடசாலை ஒழுங்கையின் முகப்பில் இருந்த தவறணையை வேறிடத்துக்கு மாற்ற வேண்டுமென்று பெற்றோர் மனுவொன்று எழுதத் தீர்மானித்தபோது, முதற் கையொப்பத்துக்கு வேறு பெயரை எவரும் நினைக்கவில்லை. தவறணையென்றால் அனுமதிப்பத்திரத்தோடு கள்ளு விற்கும் கொட்டில். கள்ளு இறக்குபவர்கள் மீது எங்களுக்குக் குறை ஏதும் இருக்கவில்லை. அது அவர்களுடைய தொழில். பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் வழியில் வேண்டாம் என்பது மட்டுமே கோரிக்கை. மனுவை நான் எழுதினேன். ஓய்வு பெற்ற தபால் அதிபர் ஒருவர் குழுவின் செயலாளர். விசாரணை வேலணைப் பிரதேச செயலகத்தில் ஒரு புதன்கிழமைக்குக் குறிக்கப்பட்டது.

அந்தப் புதன்கிழமைக்குப் பதினொரு நாள் முன்னர் என் காருக்குள் கள்ளு மணந்தது.

கார் பழையது. ஜப்பானில் ஒருவர் ஓடிக் களைத்த பிறகு கொழும்புக்கு இறங்கி, அங்கே இருவர் கைமாறி, நான் ஓய்வு பெற்ற ஆண்டில் என்னிடம் வந்தது. வெளிப்பூச்சு மங்கியிருந்தாலும் அதன் ஏசி நன்றாக வேலை செய்தது. சோளகக் காற்று எழும்பும் மாதங்களில் கடலுக்குக் குறுக்கே போட்ட பண்ணைத் தாம்போதியால் போகும் மற்றவர்கள் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு உப்பும் புழுதியும் தின்பார்கள். நான் நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிக்கொண்டு, மடிப்புக் கலையாத சட்டையோடு யாழ்ப்பாணத்தில் இறங்குவேன். இதைச் சிலர் பெருமை என்றார்கள். நான் மறுக்கவில்லை.

முதலில் பழுதுபட்டது காற்று. டாஷ்போட்டில் நான்கு காற்றுத் துவாரங்கள். இடது ஓரத்துத் துவாரம் மட்டும் மூச்சு முட்டியவரைப்போல் ஊதியது. நடுவில் உள்ள இரண்டும் என் பக்கத்து ஒன்றும் சரியாக இருந்தன. அடுத்து, முன்கண்ணாடியில் உட்புறமாகப் பனிப்புகார் படிந்தது. மூன்றாவதாக ஒரு சத்தம் வந்தது. வளைவுகளில் காரைத் திருப்பும்போது டாஷ்போட்டின் இடது பக்க இழுப்பறையான லாச்சியின் பின்னால், கால்வாசி நிரம்பிய போத்தலைச் சரித்ததுபோலக் களக் களக் என்று கேட்டது.

மணம் கடைசியாக வந்தது. புளித்த, இனிப்பேறிய, மூக்கின் உட்புறத்தைக் கிள்ளுகிற மணம்.

நான் பதற்றப்படாமல் ஆராய முனைந்தேன். ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து, இடப்பக்கம் அவதானம், வலப்பக்கம் அனுமானம் என்று கோடிட்டேன். மெல்லிய காகிதக் கீற்றொன்றை ஒவ்வொரு துவாரத்துக்கும் முன்னால் பிடித்தேன். மூன்றில் கீற்று படுக்கையாகப் பறந்தது. இடது ஓரத்தில் தலையை மட்டும் ஆட்டியது. வெளிக்காற்றை எடுக்கும் வழியைத் திறந்து பார்த்தேன், மூடிப் பார்த்தேன். இரண்டிலும் மணம் இருந்தது. ஆகவே அது வெளியிலிருந்து வருவதல்ல. குளிரை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் ஓடவிட்டபோது முதல் நிமிடத்தில் மணம் பலமடங்காகியது. ஆகவே அது உள்ளே ஈரமான எதிலிருந்தோ வருகிறது. இவ்வளவும் சரியாகத்தான் எழுதினேன். வலப்பக்கத்தின் கடைசி வரி மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

அந்த வெறுமை என்னை இருக்கவிடவில்லை. காலையில் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்க் காரின் கதவைத் திறந்து மோந்து பார்ப்பேன். திரும்பி வந்து தேநீரைக் குடிப்பேன். மறுபடி எழுவேன். மத்தியானத்தில் ஒரு காரணமும் இல்லாமல் தாம்போதிவரை ஓடி, காற்றை ஒன்றில் வைத்து, மூன்றில் வைத்து, கடலின் நடுவில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டுத் திரும்புவேன்.

"இஞ்சேருங்கோ, காருக்கு வயித்துவலியே? நாளுக்குப் பத்துத்தரம் போய்ப் பாக்கிறியள்," என்றாள் என் மனைவி. அவள் அப்போது கனடாவிலுள்ள மகளுக்கு அனுப்பவென்று பனாட்டுப் போடும் வேலையில் இருந்தாள். பனம்பழத்தைப் பிசைந்து பிழிந்த களியை ஓலைப் பாயில் ஊற்றி, படைமேல் படையாக வெயிலில் காயவைத்து எடுப்பதுதான் பனாட்டு. நகக்கண்கள் மஞ்சளேறி, முழங்கை வரை களி பூசிக்கொண்டு நின்றாள். வீடெங்கும் அந்த மணமே நிறைந்திருந்ததால், காரின் மணத்தைப் பற்றி அவளுடைய அபிப்பிராயத்தைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை தபால் அதிபர் வந்தார். மனுவின் இணைப்புகளைப் பிரதியெடுக்க யாழ்ப்பாணம் போக வேண்டும். அவரை மறுக்க முடியவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடியில் மனுத் தாள்கள் அடங்கிய கோவை. முன் இருக்கையில், அந்த இடது பக்கத்தில் ஏறி இருந்தார். நான் ஏசியைப் போடாமல் கண்ணாடியை இறக்கினேன்.

"என்ன மாஸ்ரர், இண்டைக்குச் சோளகம் வாங்கிறியளோ? ஏசியைப் போடுங்கோ, பேப்பர் எல்லாம் பறக்குது," என்றார்.

போட்டேன். அரை மைல் போகவில்லை. அவருடைய மூக்கு சுருங்கியது. பிறகு விரிந்தது. என்னைப் பாராமல் வீதியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ராத்திரி ஆரும் காரை இரவல் கேட்டவையோ?"

"இல்லை."

"பின்னை, ஆரையும் ஏத்தினியளோ?"

"இல்லை. ஏன் கேக்கிறியள்?"

"இல்லை… ஒரு மணம்."

"அது கள்ளு மணமில்லை," என்றேன்.

அவர் கள்ளு என்ற சொல்லைச் சொல்லியிருக்கவில்லை. நான்தான் சொன்னேன். அவர் மெதுவாகத் திரும்பினார். நாற்பது ஆண்டு கடிதங்களின் முகவரியை வாசித்த அதே கண்கள்.

"கள்ளு மணமில்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் மாஸ்ரர்?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை நான் ஒழுங்கான விடையொன்றைக் கண்டுபிடிக்கவில்லை. தெரியும் என்றால் கள்ளை அறிந்தவன் ஆவேன். தெரியாது என்றால் அது கள்ளாகவும் இருக்கலாம். மாணவர்களுக்குக் கொடுத்த எத்தனையோ தருக்கப் பொறிகளில் ஒன்றிலும் நான் இப்படி அகப்பட்டதில்லை.

"தெரியும்," என்றேன், சுருக்கமாக.

"ஓம் ஓம். உங்களுக்குத் தெரியாத விசயமே?" என்றார் அவர்.

அந்த நேரத்தில்தான் வளைவு வந்தது. எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட நான் சற்றுக் கடுமையாகத் திருப்பினேன். லாச்சியின் பின்னால் களக் என்றது. அடுத்த கணம் டாஷ்போட்டின் அடியிலிருந்து மஞ்சள் கலந்த தண்ணீர், ஒரு செம்பைக் கவிழ்த்த மாதிரி, தபால் அதிபரின் வேட்டியில் முழங்காலுக்குக் கீழே கொட்டியது. அதில் நுரை இருந்தது.

"ஐயோ! போத்தல் உடைஞ்சு போச்சு!" என்று கத்தினார்.

"போத்தல் ஒண்டும் இல்லை. இது ஏசித் தண்ணி."

"ஏசித் தண்ணி நுரைக்குமே மாஸ்ரர்?"

நான் காரைத் திருப்பினேன். அவரை அவருடைய வீட்டு வாசலில் இறக்கிவிடக் கேட்டேன், அவர் சம்மதிக்கவில்லை. சந்தியிலேயே இறங்கினார். சந்தியில் இருந்த கடை வாசல் மர வாங்கில் ஐந்தாறு பேர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்கள். கையில் தவறணைக்கு எதிரான கோவை, வேட்டியில் மஞ்சள் நுரை, மேலெல்லாம் புளித்த மணம். அந்தக் கோலத்தில் அவர் அவர்கள் முன்னால் நடந்து போனதை நான் பின்கண்ணாடியில் பார்த்தேன். ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அன்று பின்னேரமே செய்தி எனக்குத் திரும்பி வந்தது. முதற் கையொப்பக்காரர் காருக்குள் போத்தல் வைத்திருக்கிறார்; கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு ஓடுவது அதற்காகத்தான்; செயலாளரும் கூட்டு. தவறணை குத்தகைக்காரர் இதைப் புதன்கிழமை விசாரணையில் எழுப்பப் போகிறார் என்றும் சொன்னார்கள். எழுப்பினால் மனு சிரிப்போடு முடிந்துவிடும். நூற்றுக்கு மேற்பட்ட பெற்றோர் என் பெயருக்குக் கீழே தங்கள் பெயரை எழுதியிருந்தார்கள். என் பெயர் சரிந்தால் அத்தனையும் சரியும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து மண்டபத்தில் நின்றபோது எனக்கும் அடுத்தவருக்கும் இடையில் வழமையைவிட ஓர் அடி கூடுதலாக இருந்தது. அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்து பேசினால் மோந்து பார்ப்பார்களோ என்றும், பேசாமல் நின்றால் அதனால்தான் பேசவில்லை என்பார்களோ என்றும் மாறி மாறி நினைத்து, விபூதியையும் வாங்காமல் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் தபால் அதிபர் மறுபடியும் வந்தார். இம்முறை நீலச் சாரம் உடுத்தியிருந்தார்.

"மாஸ்ரர், ஊர்காவற்றுறையிலை ஒராள் இருக்கிறார். போட் எஞ்சினும் பாப்பார், ஏசியும் பாப்பார். வாங்கோ, நானும் வாறன். நான் பாக்காமல் ஒண்டும் நம்பமாட்டன். நான் நம்பாட்டி ஊர் நம்பாது."

அவர் சொன்னது முரட்டுத்தனமாக இருந்தாலும் நியாயமாக இருந்தது. கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் போனோம்.

அந்த மெக்கானிக் தலைமுறை தலைமுறையாகக் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பத்தவர். இறங்குதுறைக்கு அண்மையில் தகரக் கொட்டில்; வாசலில் படகு எஞ்சின்கள் மரச்சட்டத்தில் வரிசையாகத் தொங்கின. மீனுக்கு ஐஸ் வைக்கும் அறைகளின் குளிரூட்டிகளைத் திருத்தி ஏசி வேலையைப் பழகியவர் என்று தபால் அதிபர் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். நான் கொப்பியைத் திறந்து அவதானங்களை வாசிக்கத் தொடங்கினேன். அவர் மரியாதையாக முழுவதையும் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கிறியள் ஐயா," என்றார். "இனி எஞ்சினை ஸ்ராட் பண்ணி ஏசியைப் போட்டுட்டு இறங்கி வாங்கோ."

போட்டேன். அவர் காருக்குள் தலையை வைக்கவே இல்லை. ஒரு பீப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து, காரின் அடியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தேநீர் வந்தது. அவர் நிலத்தையே பார்த்தார்.

"என்ன பாக்கிறீர்?" என்று கேட்டேன்.

"பத்து நிமிசமாச்சு ஐயா. இந்தக் கடற்காத்துக்கு இப்ப ஒழுகி ஓட வேணும். நிலம் காஞ்சு கிடக்கு. ஒரு துளி இல்லை. ஏசி எடுக்கிற தண்ணி எங்கை போகுது?"

எங்கே போகிறதென்று அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அதை விளக்க நான் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

சித்திரையில், கார் நிறுத்தும் எங்கள் வீட்டுப் போட்டிக்கோவுக்குப் புதிதாகச் சிவப்புச் சீமெந்து இட்டோம். முகம் பார்க்கலாம் என்னும்படி தேய்த்து மினுக்கிய நிலம். ஏசி குளிரவைக்கும்போது காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகி, ஒரு சிறு குழாய் வழியாகக் காரின் அடியில் சொட்டும். ஓடி வந்து நிறுத்தியதும் அந்தச் சொட்டுகள் சிவப்பு நிலத்தில் விழுந்து தெறித்து, புழுதியோடு காய்ந்து, வட்டமாக ஒரு வெள்ளைக் கறையை விட்டன. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கறையைத்தான். அவர்களில் ஒருவர், "உங்கடை காருக்கும் வயசு போட்டுது மாஸ்ரர், நிண்ட இடத்திலை போகுது," என்று சொல்லிச் சிரித்தார். மறுநாள் நான் தென்னையிலிருந்து ஒரு துண்டு பன்னாடையை எடுத்தேன். ஓலையின் அடியில் மட்டையைச் சுற்றியிருக்கும் வலைபோன்ற நார் அது. நான்காக மடித்து, குழாயின் வாயில் வைத்து, நூலால் இறுகக் கட்டினேன். தண்ணீர் தெறிக்காமல் பன்னாடையால் கசிந்து மெல்ல வடியும் என்பது என் கணக்கு. வடிந்தது. பிறகு புழுதி படிந்து அடைத்திருக்க வேண்டும். போட்டிக்கோ மாதக்கணக்கில் கறையில்லாமல் மின்னியது. காரில் எங்கே பழுதென்று அந்தப் பதினொரு நாளில் பத்து நாள் தேடிய நான், ஒவ்வொரு நாளும் அந்த வறண்ட நிலத்தைப் பார்த்துத் திருப்தியும் அடைந்திருந்தேன்.

இதையெல்லாம் அந்தக் கொட்டிலில் நான் சொல்லவில்லை. சொன்னது வேறு.

"எலி ஏதும் குழாயை அடைச்சிருக்கும்," என்றேன்.

மெக்கானிக் சாக்கொன்றை விரித்து மல்லாந்து காரின் அடியில் புகுந்தார். பிறகு அவருடைய வயிறு குலுங்குவது தெரிந்தது.

"எலிதான் ஐயா. முடிச்சுப் போடத் தெரிஞ்ச எலி."

கையை மட்டும் வெளியே நீட்டினார். விரல்களில் கறுத்துப்போன பன்னாடை. அதைச் சுற்றி மூன்று சுற்றுச் சணல் நூல், இரட்டை முடிச்சோடு. தபால் அதிபர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது தபால் கந்தோர்ச் சணல்," என்றார். "பொதி கட்டிறது. நான் பென்சனாகி வரேக்கை கொண்டு வந்த பந்திலை பாதியை உங்களுக்குத்தான் தந்தனான். இந்தத் தீவிலை வேறை ஆரிட்டையும் இது இல்லை."

காரின் அடியில் இருந்தவர் ஒரு கம்பியைக் குழாய்க்குள் விட்டுக் கிளறினார். பன்னீர்ச் செம்பைச் சரித்தது போல முதலில் சில துளிகள். பிறகு மடைதிறந்து கொட்டியது. அவர் பிடித்த சட்டி முக்கால்வாசி நிரம்பியது. மஞ்சள் நிறம், மேலே வெண்ணுரை, நடுவில் செம்மஞ்சள் நார்கள். மணம் கொட்டில் முழுவதும் பரவியது. படகு எஞ்சின் கழுவிக்கொண்டிருந்த இருவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன அண்ணை, காலமையே தொடங்கியாச்சோ?" என்று கேட்டார்கள்.

மெக்கானிக் வெளியே வந்து சட்டியைத் தூக்கி மோந்தார். ஒரு விரலை விட்டு நாவில் வைத்துத் துப்பினார்.

"கள்ளில்லை," என்றார்.

"உமக்கு எப்பிடித் தெரியும்?" என்று தபால் அதிபர் உடனே கேட்டார். அந்தக் கேள்வி அவரிடம் தயாராகவே இருந்தது.

"நேற்றும் குடிச்சனான்," என்றார் மெக்கானிக். "ஐயா குறை நினையாதேங்கோ, நான் மறைக்கிறேல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய ஒரு போத்தல். கள்ளு இப்பிடி நார் விடாது. இது பனங்களி, தண்ணியோடை கிடந்து பழுதாப் போயிருக்கு. காருக்குள்ளை பனங்காய் எப்பிடி வந்தது?"

பத்து நாளாக நான் தேடியது இவரைப்போல் ஒருவரைத்தான். என் மறுப்புக்கு இல்லாத பெறுமதி அவருடைய ஒரு சொல்லுக்கு இருந்தது. தபால் அதிபர் தலையாட்டி, அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று விடாமல் வீடுவரை வந்தன.

மெக்கானிக் இடது பக்க லாச்சியைக் கழற்றி, உள்ளே காற்றை ஊதும் விசிறியை வெளியே எடுத்தார். அதன் இதழ்களிலும் பின்னாலிருந்த குளிர்ச்சுருளிலும் செம்மஞ்சள் நார் சிக்குப்பட்ட தலைமயிர் போலப் பிடித்திருந்தது. இடது துவாரத்துக்குப் போகும் வழி முழுதாக அடைபட்டிருந்தது. கழுவிப் பூட்டினார். நான் காகிதக் கீற்றை இடது ஓரத்தில் பிடித்தேன். அது படுக்கையாகப் பறந்தது. காரின் அடியில் துளிகள் விழத் தொடங்கின.

திரும்பி வரும் வழியில் தபால் அதிபர் சொன்னார்: "எலி எண்டே சொல்லுவம் மாஸ்ரர். புதன்கிழமை கேட்டா, எலி பனங்காய்த் தும்பைக் கொண்டுபோய் அடைச்சது. பன்னாடைக் கதை எங்கள் ரெண்டு பேரோடையும் இருக்கட்டும்."

நான் ஏசியைக் கூட்டி வைத்தேன்.

வீட்டில் மனைவியைக் கேட்டேன்.

"இஞ்சரும், காருக்கு மேலை என்ன விரிச்சனீர்?"

அவள் நகத்திலிருந்த களியைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"பனாட்டுப் பந்தல் முறிஞ்சு போச்சு. நிலத்திலை விரிச்சா நாய் விடுதில்லை, எறும்பு விடுதில்லை. நீங்கள் குழு பிடிச்ச வேனிலை யாழ்ப்பாணம் போன ரெண்டு நாளும் காரின்ரை முன்மூடி, பொனற்றுக்கு மேலை பாயை விரிச்சனான். நல்ல சூடு. கெதியாக் காஞ்சுது."

"பாய் பொனற்றைவிட நீளமெல்லோ?"

"ஓம், நுனி கொஞ்சம் கண்ணாடியிலை சாஞ்சு கிடந்தது. அதிலை களி தேங்கி நிண்டது. பிறகு பாத்தா இல்லை. காஞ்சிட்டுது எண்டு நினைச்சன்."

காயவில்லை. முன்கண்ணாடியின் அடியில் வெளிக்காற்றை உள்ளே எடுக்கும் வலைமூடி இருக்கிறது. களி அதன் வழியாக இறங்கி, என் பன்னாடையால் தேங்கிய தண்ணீரில் விழுந்தது. சர்க்கரை, தண்ணீர், வெப்பம், காற்றிலுள்ள மதுவம் என்னும் ஈஸ்ட். அவை சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை உயர்தர வகுப்புக்கு நான் முப்பது ஆண்டு கற்பித்தேன்.

"ஆரும் கேட்டா எலி எண்டு சொல்லுங்கோ," என்றாள் அவளும். "நான் நாளைக்குச் சந்தைக்குப் போறன், நானும் அப்பிடித்தான் சொல்லுவன். உங்கடை பேரை நான் விட்டுக்குடுப்பனே?"

செவ்வாய்க்கிழமை அவள் சந்தைக்குப் போனாள். சொன்னாள்.

புதன்கிழமை விசாரணையை ஓர் இளம் பெண் அதிகாரி நடத்தினார். நான் மனுவை வாசிக்கத் தொடங்கினேன். தூரம், பள்ளி விடும் நேரம், ஒழுங்கையின் அகலம் எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இரண்டாம் பந்தி முடிந்ததும் குத்தகைக்காரர் இடையில் எழுந்தார். நான் எதிர்பார்த்ததைவிடப் பணிவாகப் பேசினார்.

"மாஸ்ரரிலை எனக்கு மரியாதை. ஆனா என்ரை கொட்டிலிலை கள்ளு மணக்குது எண்டு சொல்லுறவர், தன்ரை காருக்குள்ளை என்ன மணக்குது எண்டு சொல்ல வேணும். செயலாளர் ஐயாவின்ரை வேட்டியைச் சந்தியிலை கண்ட ஆக்கள் இஞ்சை இருக்கினம்."

பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் எழுவதற்குள் தபால் அதிபர் எழுந்துவிட்டார்.

"அது எலி மிஸ். ஏசிக் குழாயை எலி பனங்காய்த் தும்பாலை அடைச்சு…"

"எலியோ?" என்று கேட்ட அதிகாரி, பேனையைத் தாளில் வைத்து அதை எழுதப் போனார்.

எழுதுவதற்குமுன் நான் எழுந்தேன். உண்மைப் பிரதி என்று நான் முத்திரை குத்திய தாள்கள் அந்தச் செயலகத்தின் அலுமாரிகளில் எத்தனை கிடக்கின்றன என்று எனக்குத் தெரியாது. அதே கட்டடத்தில் எலி என்று எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஏலவில்லை.

"எலி இல்லை," என்றேன். "என் வீட்டுப் போட்டிக்கோவில் கறை விழக்கூடாது என்பதற்காக ஏசித் தண்ணீர் போகும் குழாயை நானே பன்னாடையால் கட்டினேன். பிறகு அதை மறந்தேன். தேங்கிய தண்ணீரில் பனாட்டுக் களி விழுந்து புளித்தது. அதைக் கழுவி எடுத்தவர் ஊர்காவற்றுறையில் இருக்கிறார். வேண்டுமானால் அழைக்கலாம்."

குத்தகைக்காரர் மறுபடி எழுந்து, "அப்ப மாஸ்ரர் குடிக்கேல்லை, கார்தான் குடிச்சது," என்றார்.

மண்டபம் சிரித்தது. அதிகாரி தலை குனிந்துகொண்டார். அவருடைய தோள்கள் அசைந்தன. நான் கதிரையில் இருக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். அடங்கியதும், மனுவின் மூன்றாம் பந்தியிலிருந்து, விட்ட இடத்தில் தொடங்கி மிகுதியை வாசித்தேன்.

அதிகாரி அன்றே ஒழுங்கைக்கு வந்து அளந்து பார்த்தார். சில வாரங்களில் கடிதம் வந்தது. தவறணை சந்தைக்குப் பின்னாலுள்ள காணிக்கு மாறியது. பள்ளி ஒழுங்கையின் முகப்பில் இப்போது கொட்டில் இல்லை.

ஆனால் கதைகள் நின்றபாடில்லை. தவறணை இடம் மாறி மாஸ்ரரின் காருக்குள் போய்விட்டது என்று வாங்கில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். மெக்கானிக்குக்கு நான் கள்ளு வாங்கிக் கொடுத்துச் சாட்சி சொல்ல வைத்ததாக ஒரு கதை உண்டு. தபால் அதிபரும் என் மனைவியும் என்மீதுள்ள அக்கறையால், கேட்பவர்களுக்கு இன்னமும் எலிக் கதையையே சொல்லி வருகிறார்கள். கார் இப்போது ஓடி வந்து நின்றதும் போட்டிக்கோவில் சொட்டுகிறது. சிவப்புச் சீமெந்தில் வட்டமாக ஒரு வெள்ளைக் கறை இருக்கிறது. வருகிறவர்கள் பார்க்கிறார்கள்.

இக்கதைகளுக்கான என் திருத்தம் வருமாறு. காருக்குள் போத்தல் இருக்கவில்லை. மெக்கானிக்குக்கு நான் எதையும் வாங்கிக் கொடுக்கவில்லை. என் மனைவி இரண்டு துண்டு பனாட்டு அனுப்பினாள். காரில் இருந்தது கள்ளு அல்ல, பனம்பழக் களி கலந்த தண்ணீர், அது புளித்திருந்தது. குழாயைக் கட்டியவன் நான். எலி அல்ல.